சாக்கடைக்கு முதுகு காட்டிய கட்டடம்

பெங்களூர் தொம்மலூர் இரண்டாம் ஸ்டேஜில் வீடுகளுக்கு நடுவே ஒரு விசித்திரமான கட்டடம் இருக்கிறது. வடக்குப் பக்கம் வெளிச்சமும் காற்றுமாகத் திறந்து கிடக்கிறது. தெற்குப் பக்கம் போனால் மொட்டைச் சுவர், கறுப்புக் கடப்பைக் கல் பதித்தது. அந்த மனையில் இதமான காற்று வீசுவதோ தெற்கிலிருந்துதான். காற்று வரும் திசையைப் பார்த்து அடைப்பது எந்தக் கொத்தனாரும் செய்யத் துணியாத காரியம். ஆனால் செய்ததற்குக் காரணம் இருந்தது. தெற்கு எல்லையை ஒட்டி ஒரு திறந்த சாக்கடை ஓடியது. தென்றல் வந்தால் நாற்றமும் கூடவே வரும்.

கட்டடம் எரிசக்தி, வளங்கள் குறித்து ஆராயும் 'டெரி' நிறுவனத்தின் தென்மண்டல மையம். வடிவமைத்த சஞ்சய் மோஹே அந்தச் சங்கடத்தையே உபாயமாக்கினார். கறுப்புக் கல்லை வெயில் சுட வைக்கிறது. கல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் காற்று சூடேறி மேலே எழும்பி வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்குப் பக்கத்திலிருந்து நல்ல காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஏ.சி. இல்லாமலே அறைகள் குளிர்ச்சியாக இருக்கின்றன. கட்டடக் கலை மாணவர்கள் இன்றும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். மூக்கைப் பொத்திக் கொள்வதற்கு இதைவிட நேர்த்தியான வழியை யாரும் கண்டுபிடித்துவிட முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே நிறுவனத்தின் விஞ்ஞானிகள் டெல்லியில் வேறொரு அழுக்கோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, அதைத் தின்னும் பாக்டீரியாக்களை வளர்த்தவர்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் தொட்டிகளுக்கு அடியில் தார் போலக் கெட்டியாக ஒரு சேறு தங்கும். கொளுத்தினால் புகை, புதைத்தால் நிலத்தடி நீர் பாழ். பன்வாரி லால் தலைமையில் இந்த ஆய்வாளர்கள் ஐந்து வகை பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, பொடித்த மக்காச்சோளச் சக்கையில் ஏற்றி 'ஆயில்ஜாப்பர்' என்று பெயரிட்டார்கள். ஐந்து எதற்கு என்றால், எண்ணெய் என்பது ஒரே பொருள் அல்ல. நீளச் சங்கிலியாக உள்ள மூலக்கூறை ஒன்று கடிக்கும். வளையமாக உள்ளதை இன்னொன்று கடிக்கும். பொடியைச் சேற்றில் கலந்து, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது உழுதுவிட்டால் சில மாதங்களில் சேறு கரியமில வாயுவும் நீருமாகக் கரைந்து மண்தான் மிஞ்சுகிறது. 2007இல் இதற்காகவே ஓ.என்.ஜி.சி.யுடன் கூட்டாக ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, வாளி வாளியாக அள்ளிய சேற்றைத் துறைமுக வளாகத்தில் குழி வெட்டிக் கொட்டி, இதே முறையில் பாக்டீரியாக்களிடம்தான் ஒப்படைத்தார்கள்.

எண்ணெய்க்கே வழி கண்டவர்கள் வீட்டுச் சாக்கடைக்குப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. அதன் சூட்சுமம் நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. அதைக் கண்டறிந்ததில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. அந்தக் கதைக்குப் போகும் முன் இந்தச் சாக்கடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

தொம்மலூர் இன்று ஒரு மேம்பாலம், ஒரு பஸ் நிலையம், ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கோபுரங்கள். பயணிகள் விமானங்கள் 2008 மே மாதம் தேவனஹள்ளிக்குப் போய்விட்ட பிறகும் 'ஏர்போர்ட் ரோடு' என்ற பெயர் மட்டும் போக மறுக்கிறது. இந்த இரைச்சலுக்குள் ஒரு மேட்டில் இருக்கிறது சொக்கநாதசுவாமி கோயில். பெயரைக் கேட்டு உள்ளே நுழையும் மதுரைக்காரர்கள் திகைத்துப் போவார்கள். கருவறையில் இருப்பவர் பெருமாள். கல்வெட்டுகளும் அவரைச் சொக்கப்பெருமாள் என்றே அழைக்கின்றன. கல்வெட்டு மொழி தமிழ். ஊரின் பெயர் தொம்பலூர், அல்லது தேசிமாணிக்கப்பட்டணம். 1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அழகியார் என்பவர் இரண்டு வாயில்கால்கள் கொடுத்ததைச் சொல்கிறது. ஹொய்சள வீரராமநாதன் ஊர் வருவாயிலிருந்து பத்துப் பொன் ஒதுக்கியிருக்கிறான். ஒரு தம்பதி விண்ணமங்கலம் ஏரியைச் சார்ந்த நிலத்தைத் தானம் செய்திருக்கிறார்கள்.

அந்த விண்ணமங்கலம்தான் இன்றைய இந்திராநகரில் உள்ள பின்னமங்கலா என்று கருதுகிறார்கள். ஏரி இப்போது இல்லை.

பெங்களூரில் சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது. மேட்டில் அமர்ந்த ஊர். பெய்யும் மழை ஏரியிலிருந்து ஏரிக்கு இறங்கும்படி முன்னோர்கள் கால்வாய் வெட்டினார்கள். கன்னடத்தில் அதன் பெயர் ராஜகாலுவே. மேலேரி நிரம்பினால் கீழேரிக்கு. அது நிரம்பினால் அடுத்ததற்கு. அல்சூர் ஏரியிலிருந்து இறங்கும் தண்ணீர் இந்திராநகர், தொம்மலூர் வழியாகச் சல்லகட்டா பள்ளத்தில் விழுந்து பெல்லந்தூர் ஏரிக்குப் போகும். மெஜஸ்டிக் பக்கமிருந்து கோரமங்களா வழியாக வரும் இன்னொரு பெரிய கால்வாயும் அங்கேதான் சேரும். அந்தச் சல்லகட்டா ஏரி பிறகு கோல்ஃப் மைதானமாயிற்று. ராஜகால்வாய்கள் பெயரில் மட்டும் ராஜாவாக இருக்கின்றன. மழை நாளில் மழைநீர், மற்ற நாட்களில் சாக்கடை.

இந்தப் பள்ளத்தாக்கின் கழிவைக் கையாளத்தான் பெங்களூர் குடிநீர் மற்றும் கழிவுநீர் வாரியம் கோரமங்களா - சல்லகட்டா பள்ளத்தாக்கில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிறது. 'கே.சி. வேலி' என்றால் ஆட்டோக்காரருக்கும் புரியும். 1970களில் தொடங்கி, பல முறை விரிவாக்கப்பட்டது. பழைய நிலையத்தின் கொள்ளளவு மட்டும் நாளொன்றுக்கு 24.8 கோடி லிட்டர். பிறகு சேர்ந்தவை தனி. தொம்மலூரிலிருந்து ஆட்டோவில் போய்விடும் தூரம்தான். ஆனாலும் தொம்மலூர்வாசிகளில் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

பார்க்க வேண்டிய இடம். பிரம்மாண்டமான தொட்டிகளில் பழுப்பு நிறத் தண்ணீர் கொப்பளித்துக் கொண்டிருக்கும். அடியிலிருந்து காற்று ஊதுகிறார்கள். காற்று தண்ணீருக்காக அல்ல, அதில் உள்ள பாக்டீரியாக்களுக்காக. அவை மூச்சுவிடவும் தின்னவும் பெருகவும் ஆக்சிஜன் வேண்டும். தின்று கொழுத்தவை ஒன்றோடொன்று ஒட்டிச் செதில் செதிலாகத் திரளும். அடுத்த தொட்டியில் காற்றை நிறுத்தினால் செதில்கள் அடியில் படியும். மேலே தெளிந்த நீர் வழியும். படிந்த வண்டலில் ஒரு பகுதியைத் திரும்ப முதல் தொட்டிக்கே அனுப்புவார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போல. பசியோடு இருக்கும் பழைய பாக்டீரியாக்கள் புதுச் சாக்கடை மீது பாயும்.

இந்த 'உறை'தான் 1914இன் கண்டுபிடிப்பு. அதற்கு முன்பும் சாக்கடைக்குள் காற்று ஊதிப் பார்த்தவர்கள் உண்டு. வாரக் கணக்கில் ஊத வேண்டியிருந்ததால் கைவிட்டார்கள். மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர், ஒவ்வொரு முறையும் அடியில் தங்கிய வண்டலைக் கொட்டிவிடாமல் அதிலேயே புதுச் சாக்கடையை ஊற்றினார்கள். முதல் முறை ஐந்து வாரம் பிடித்த வேலை படிப்படியாகக் குறைந்து ஒரு நாளுக்குள் முடிந்தது. 1914 ஏப்ரல் 3 அன்று அவர்கள் படித்த கட்டுரை உலக நகரங்களின் தலையெழுத்தையே மாற்றியது என்றால் மிகையில்லை. அந்தச் சோதனைக்கு அவர்களைத் தூண்டியவர் கில்பர்ட் ஃபவுலர் என்ற பேராசிரியர். அமெரிக்காவில் பார்த்துவிட்டு வந்த ஒரு பரிசோதனைதான் அவருக்கு அந்த யோசனையைத் தந்தது.

அடுத்த இரண்டே ஆண்டில், 1916இல், ஃபவுலர் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்று ஊரார் இன்றும் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் வேலை. பயன்படு வேதியியலில் தொடங்கி உயிர்வேதியியல் துறைக்கு அடித்தளம் போட்டது அவர்தான். சாக்கடையை அவர் நோயாக மட்டும் பார்க்கவில்லை. அதில் ஓடுவது வயலுக்குப் போக வேண்டிய நைட்ரஜன் என்பது அவர் கட்சி. கழிவிலிருந்து உரம் என்பதைப் பற்றிக் கடைசிவரை எழுதிக் கொண்டிருந்தார். முதல் உலகப் போரின்போது வெடிமருந்துக்கு அசிட்டோன் தட்டுப்பாடு வந்தது. பாக்டீரியாவைக் கொண்டு அசிட்டோன் தயாரிக்கலாம் என்று மான்செஸ்டரில் வெய்ஸ்மான் காட்டியிருந்தார். இங்கே ஃபவுலர் கூட்டத்தார் இலுப்பைப்பூவை வைத்து முயன்றார்கள். நாசிக்கில் ஓர் அசிட்டோன் ஆலையும் கட்டப்பட்டது. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது பழமொழி; இங்கே இலுப்பைப்பூவை நம்பியே ஆலைக்குத் திட்டம் போட்டார்கள்.

ஃபவுலர் போன பிறகும் அந்தத் துறை சாக்கடையை விடவில்லை. 1939இல் சி.என். ஆச்சார்யா, ஊர்க் குப்பையையும் மலத்தையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு மண்ணால் மூடி, ஆறேழு மாதத்தில் உரமாக்கும் முறையை வகுத்தார். உலகப் பாடப் புத்தகங்களில் அதற்கு இன்றும் 'பெங்களூர் முறை' என்றே பெயர். 1942இல் எஸ்.சி. பிள்ளையும் வி. சுப்ரமணியனும் 'நேச்சர்' இதழில் ஒரு புது வாதத்தை வைத்தார்கள். சாக்கடையைத் தெளிய வைக்கும் பெருமை முழுவதும் பாக்டீரியாவுக்குப் போவது சரியல்ல. அந்த வண்டலில் மணி வடிவத்தில் காம்பில் ஆடிக் கொண்டிருக்கும் புரோட்டோசோவாக்களுக்குத்தான் அதில் பெரும் பங்கு என்றார்கள். அவர்கள் சொன்ன அளவுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தனித்து மிதக்கும் பாக்டீரியாக்களை அவை தின்று தீர்ப்பதால்தான் தண்ணீர் தெளிகிறது என்பது இன்று மறுப்பில்லாத விஷயம். சுத்திகரிப்பு நிலைய ஊழியர்கள் மைக்ராஸ்கோப்பில் முதலில் தேடுவதே அந்த மணிகளைத்தான். அவை இருந்தால் தொட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். இந்தச் சுப்ரமணியன்தான் பிறகு மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குனரானார்.

இத்தனை ஞானம் விளைந்த ஊரில் ஏரி ஏன் எரிந்தது?

ஏரி எரிந்தது உண்மை. 2015 மே மாதம் பெல்லந்தூரில் நுரை தீப்பிடித்தது. 2017 பிப்ரவரி 16 அன்று மறுபடியும். 2018 ஜனவரி 19 அன்று பிடித்த தீயை அணைக்க சுமார் 5,000 ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. சேற்றிலிருந்து கிளம்பிய மீத்தேன் காரணமா, காய்ந்த புல்லுக்கும் குப்பைக்கும் யாரோ வைத்த நெருப்பா என்ற சர்ச்சை ஓயவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஏப்ரலில் ஏரியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளை மூடச் சொன்னது. 2018 டிசம்பரில், ஏரிச் சீரமைப்புக்கு 500 கோடி ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது.

நுரைக்கான காரணம் தீயைவிடத் தெளிவானது. துணி சோப்பு. இன்றைய டிடர்ஜெண்டுகளில் பெரும்பாலானவற்றைப் பாக்டீரியா தின்னும், ஆக்சிஜன் கொடுத்தால். கே.சி. வேலி தொட்டியைப் போலக் காற்று ஊதினால் சோப்பு சில மணி நேரத்தில் காணாமல் போகும். சுத்திகரிக்காமல் ஏரிக்கு வந்து சேரும் சாக்கடையில் ஆக்சிஜன் ஏது? சோப்பு சேற்றோடு ஒட்டிக்கொண்டு வருடக் கணக்கில் அடியில் தங்குகிறது. முதல் மழையில் ஏரி கலங்கும்போது அத்தனையும் எழுந்து, மதகில் விழுந்து, பனிமலை போலச் சாலைக்கு வருகிறது என்கிறார்கள் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள். தொட்டிக்குப் போகாமல் கால்வாயில் நழுவியதுதான் நுரை. நுண்ணுயிர் தோற்றுப் போனதாக இதற்குப் பொருள் இல்லை. சாக்கடை அதன் வாயில் விழவே இல்லை.

தொழிற்சாலைக் கழிவில் சிக்கல் இன்னொரு சுற்று கூடுகிறது. 'ஆலைக் கழிவு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பாக்டீரியாவுக்கு அதில் இரண்டு ஜாதி. தின்னக் கூடியது, தின்ன முடியாதது.

தின்னக் கூடியதற்குச் சேலம் உதாரணம். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகள் வெளியேற்றும் தண்ணீர் ஒரு காலத்தில் ஊரையே நாறடித்தது. புளித்த மாவு நாற்றம். கொட்டிய ஓடை கறுத்துப் போகும். அந்த ஸ்டார்ச்சைக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்தால் கதையே வேறு. ஒரு கூட்டம் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்கும். அடுத்தது சர்க்கரையை அமிலமாக்கும். கடைசிக் கூட்டம் அமிலத்தை மீத்தேனாக மாற்றும். (இந்தக் கடைசிக் கூட்டம் பாக்டீரியா இனமே அல்ல, ஆர்க்கியா என்ற வேறு பழைய குலம் என்பது விஞ்ஞானிகளின் திருத்தம். வேலை நடந்தால் சரி.) ஆலைக்காரர்கள் அந்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்; மாவு உலர்த்துகிறார்கள். சாராய ஆலைகளும் இதே வழிதான். முன்பு அபராதம் கட்ட வைத்த கழிவு இப்போது எரிபொருள் செலவைக் குறைக்கிறது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி நிலையங்களில் வீட்டுச் சாக்கடை வண்டலிலிருந்தே வாயு எடுத்து, நிலையத்துக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும் பகுதியைத் தயாரிக்கிறார்கள். தஞ்சாவூர்க் கிராமத்தில் சாண எரிவாயுக் கலம் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அளவுதான் பெரிது.

தின்ன முடியாததற்குத் தொலைவில் போக வேண்டாம். பெங்களூர்ச் சந்துகளில் முலாம் பூசும் பட்டறைகள் ஏராளம். நிக்கல், குரோமியம், துத்தநாகம். உலோகத்தைப் பாக்டீரியா செரிக்க முடியாது. அதிகபட்சம் தன் உடம்பில் ஒட்டவைத்துக் கொள்ளும், அல்லது விஷம் கூடிய குரோமியத்தை விஷம் குறைந்த குரோமியமாக மாற்றும். அணு அழிவதில்லை. தண்ணீரிலிருந்து வண்டலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். உரமாக வேண்டிய வண்டல் உதவாததாகிறது. இதைவிட மோசம், ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பட்டறை அமிலத் தொட்டியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டால், கீழே சுத்திகரிப்பு நிலையத்தில் மாதக் கணக்கில் வளர்ந்த கூட்டம் கூண்டோடு சாகும். மறுபடி உறை ஊற்றி அது தேறிவர நாட்கள் ஆகும். அதுவரை வருவது வந்தபடியே வெளியே போகும். குற்றவாளி யார் என்று தொட்டி சொல்லாது.

இரண்டு ஜாதியையும் ஒன்றாகக் கலந்தால் என்ன ஆகும் என்று கான்பூர் ஏற்கனவே சோதித்துப் பார்த்துவிட்டது. கங்கைச் சுத்திகரிப்புக்காக நெதர்லாந்து உதவியோடு ஜாஜ்மாவில் 1990களில் கட்டிய நிலையம் நாளொன்றுக்கு 90 லட்சம் லிட்டர் தோல் ஆலைக் கழிவையும் 2.7 கோடி லிட்டர் வீட்டுச் சாக்கடையையும் சேர்த்து விழுங்கும்படி திட்டமிடப்பட்டது. காகிதத்தில் அருமையான கணக்கு. தோல் ஆலைகள் தங்கள் குரோமியத்தைத் தாங்களே பிரித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. எல்லா ஆலைகளும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. குரோமியம் வண்டலிலும், பாசனத்துக்கு வாங்கிய கிராமங்களின் மண்ணிலும் போய்ச் சேர்ந்தது. தோல் கழிவில் மிகுந்த சல்ஃபேட் வேறு, மீத்தேன் கூட்டத்தின் சாப்பாட்டைப் பறிக்கும் இன்னொரு பாக்டீரியா கூட்டத்தை வளர்த்து, அழுகிய முட்டை நாற்ற வாயுவைக் கிளப்பியது.

தொம்மலூருக்குத் திரும்பினால், இங்கே இன்று சுத்திகரிப்பு நிலையம் அடுக்குமாடிகளின் பேஸ்மெண்டுக்கே வந்துவிட்டது. பெரிய குடியிருப்புகள் தங்கள் கழிவைத் தாங்களே சுத்தம் செய்ய வேண்டும் என்பது கர்நாடக விதி. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கதவு. உள்ளே மான்செஸ்டர் தொட்டியின் குட்டி வாரிசு. புது நிலையத்தைத் தொடங்கும்போது பக்கத்துக் குடியிருப்பிலிருந்து நாலைந்து டிரம் வண்டலை வாங்கி ஊற்றுவார்கள், கிடைக்காவிட்டால் சாணம். பாக்கெட் பாக்டீரியாவும் விற்கிறது. அதை ஏரியில் தூவினால் ஏரியே சுத்தமாகிவிடும் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். சாக்கடை நிற்காமல் விழும் ஏரியில் பொடி தூவுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெயிண்ட் அடிப்பதற்குச் சமம். கரண்ட் பில்லை மிச்சப்படுத்த ஊதுகுழலை இரவில் அணைத்து வைக்கும் சங்கங்களும் உண்டு. காலையில் படிக்கட்டு வரை நாறும்போதுதான் பாக்டீரியாவுக்கு லீவு கிடையாது என்பது நினைவுக்கு வரும். 2024 கோடையில் ஆழ்குழாய்கள் வறண்டு, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்தபோது, அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்த தண்ணீருக்குத் திடீர் மரியாதை வந்தது.

மரியாதை கோலாருக்கு முன்பே புரிந்திருந்தது. ஆறு இல்லாத, ஏரிகளை மட்டுமே நம்பிய மாவட்டம் அது. ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் கோலாரம்மா கோயிலில் உள்ளன. அந்தக் காலத்திலிருந்தே ஏரி வெட்டிப் பிழைத்த பூமி. ஆழ்குழாய்கள் ஆயிரம் அடியைத் தாண்டி இறங்கியும் தூசுதான் வந்தது. கே.சி. வேலி பகுதியில் சுத்திகரித்த நீரில் நாளொன்றுக்கு 44 கோடி லிட்டரைக் குழாயில் ஏற்றி, கோலார் பக்கம் நூற்று இருபதுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்புவது என்று சுமார் 1,300 கோடி ரூபாயில் திட்டம் போடப்பட்டது. 2018 ஜூனில் முதல் தண்ணீர் லட்சுமிசாகர ஏரியில் விழுந்தது. ஜூலையிலேயே அங்கும் நுரை கிளம்பியது. உயர் நீதிமன்றம் தடை விதித்தது, பிறகு விலக்கிக் கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

தண்ணீர் ஓடிக் கொண்டிருக்கிறது. கிணறுகள் மேலே வந்திருக்கின்றன. வறண்ட ஏரியில் வாத்து நீந்துவதைப் பார்த்த விவசாயியிடம் திட்டத்தைப் பற்றிக் குறை சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் அதே மாவட்டத்துக்காரர்கள்தான். அவர்கள் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. வருவது இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு வரை வந்த நீர். பாக்டீரியா தின்றது போக மிச்சம் அதில் இருக்கும்: பாஸ்பேட், நைட்ரேட், மருந்துச் சுவடுகள், எந்தப் பட்டறையோ அவிழ்த்துவிட்ட உலோகம். மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் சேர்த்துச் செய்துவிட்டு அனுப்புங்கள் என்கிறார்கள். இந்த நீர் நேராகக் குழாயில் குடிக்கப் போவதில்லை, ஏரி வழியாக மண்ணில் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது, மண் வடிகட்டிவிடும் என்பது அரசின் பதில். சோப்பையும் கிருமியையும் மண் பெரிதும் பிடித்துக் கொள்ளும் என்பது சரி. நைட்ரேட்டை மண் பிடிக்காது. கோலார் மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பு விட்ட பாறை. அதில் நீர் எப்படி ஓடும் என்பதைக் குழாய் போட்ட பிறகு ஆராய்வதைவிட முன்பே ஆராய்ந்திருக்கலாம். கோலார்த் தக்காளி பெங்களூருக்கு மட்டுமல்ல, சென்னைக்கும் வருகிறது. அனுப்பிய தண்ணீர் ரசமாகத் திரும்பி வரும் தூரம் அதிகமில்லை.

சுத்தம் செய்த தண்ணீர் கிழக்கே கோலாருக்கு மேடேறிப் போகிறது. தொட்டிக்குள் வராமல் நழுவியது பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறது. பெல்லந்தூர், அடுத்து வர்த்தூர், அங்கிருந்து தென்பெண்ணை. பெல்லந்தூரில் தூர்வாரத் தொடங்கினார்கள். வருடக் கணக்கில் படிந்த சேறு லாரி லாரியாக வெளியே வந்தது. ஆறு காத்திருப்பதில்லை. கர்நாடக எல்லையைத் தாண்டியதும் அது சந்திக்கும் முதல் தடுப்பு ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை. அதற்குக் கீழே கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர்க் கடல்.

மழைக்காலத்தில் பெங்களூரில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தால் கெலவரப்பள்ளியில் மதகைத் திறக்கிறார்கள். உயரத்திலிருந்து விழுந்த தண்ணீர் கடைந்தாற்போல் நுரைத்து, ஆற்றின் இரு கரைக்கும் வெள்ளைப் போர்வை விரிக்கிறது. காற்றடித்தால் நுரை பிய்ந்து பறந்து வயலில் உட்காருகிறது. தாழ்ந்த பாலங்களை அது மூடிவிடும் நாட்களில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, தீயணைப்பு வண்டியை வரவழைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கலைக்கிறார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். அணைக்குக் கீழே நெல்லும் ராகியும் போட்டவர்கள் எடுப்பதில்லை.